விமானச் சங்கு

அன்புள்ள அம்மாவுக்கு, வைசுவா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

சனிக்கிழமை நம் துவாலு அணி இங்கே சுவாவில் ஆடியது. ஆள் குறைந்ததால் மீன் ஆலையிலிருந்து என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டத்தின் நடுவே தெருவில் ஆம்புலன்ஸ் அலறியது. நம் ஊர் விமான ஓடுபாதையில் ஆடி, சங்கு ஊதியதும் விலகி ஓடிப் பழகிய கால்கள். "பிளேன் வருதுடா, ஓடுங்க!" என்று கத்தினேன். பதினொரு பேரும் ஓரத்துக்கு ஓடிவிட்டோம். எதிரணியினர் காலி வலைக்குள் பந்தை உருட்டினார்கள்.

கோலி பெனிடுசி வானத்தைப் பார்த்து, "எங்கடா பிளேன்?" என்றான். அரங்கமே சிரித்தது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

அடுத்த விமானத்துக்குச் சங்கு ஊதும்போது போனில் பதிந்து அனுப்புங்கள். இங்கே எது ஊதினாலும் யாரும் வந்து இறங்குவதில்லை.

ஆலை வண்டி வந்துவிட்டது.

வைசுவா