இடையில் முழுகவில்லை

1943 மே 26, புதன்
ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் வேலைக்கு அவர் பெயர் வந்துவிட்டது. நாளைக் காலை லாரி. மத்தியானம் அத்தை வெளியே போயிருந்தார். கரு கலைந்து இருபத்து நாலு நாள்தான் ஆகிறது. அத்தை என்னைத் தன் பக்கத்தில்தான் படுக்க வைத்திருக்கிறார். அப்படியிருந்தும் — சீ. பிள்ளையைப் பறிகொடுத்தவள் செய்கிற காரியமா? அவர் அழுதார். நான் மறுக்கவில்லை. மறுக்க மனமும் இல்லை. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

மே 27
போய்விட்டார்.

ஜூன் 30
இன்னும் தலைக்குக் குளிக்கவில்லை. கலைந்த உடம்பு மெதுவாகத்தான் திரும்பும் என்று அத்தை மரவள்ளிக் கிழங்கில் பெரிய துண்டாகப் பார்த்து எனக்கு வைக்கிறார்.

ஜூலை 18
மூன்று நாளாக வாந்தி. அத்தை என் முகத்தையே பார்த்தார்.

"முழுகாம இருக்கியா?"

தலையாட்டினேன்.

"கலைஞ்சதிலேர்ந்து நீ ஒரு தடவைகூட முழுகலையே. முழுகாம எப்படித் தங்கும்? என் மகன் தம்பிராஜா போனப்புறம் எனக்குத் தெரியாம முழுகிட்டியா? அப்படின்னா இது யாரோடது?"

அந்த மத்தியானத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் கெட்டவள். சொன்னால் இருபத்து நாலு நாள் பொறுக்காதவள். எது மேல்?

ஜூலை 19
நேற்று அத்தை பேசியதைப் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஒட்டுக்கேட்டிருக்கிறாள். கிணற்றடியில் யாரும் என்னோடு பேசவில்லை.

ஜூலை 22
ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸ் விஜயா மிஸ்ஸியிடம் தரையைப் பார்த்தபடியே கேட்டேன்.

"கலைஞ்சதும் கர்ப்பத்துக்குன்னு ஊறின சுரப்பெல்லாம் வடிஞ்சிரும்மா. வடிஞ்சா ரெண்டு மூணு வாரத்துலேயே முட்டை வந்துரும். தூரம் அதுக்கப்புறந்தான். நடுவுல சேர்ந்தா, தூரம் வராமலே தங்கிரும்."

நான் அழுதுகொண்டிருந்தபோதே உடம்பு தேறிவிட்டிருக்கிறது. ஆனால் இதை அத்தையிடம் சொல்ல, தேதியைச் சொல்ல வேண்டுமே!

ஜூலை 24
சொல்லிவிட்டேன். முட்டை, சுரப்பு, மிஸ்ஸி என்று உளறி, கடைசியில், "அவரு போறதுக்கு முந்தின நாள் மத்தியானம், அத்தை" என்றேன். அத்தை எழுந்து வெளியே போனார். வீட்டை விட்டு அனுப்பிவிடுவார் என்று துணிகளை மடித்து வைத்தேன்.

ஜூலை 25
கிணற்றடியில் எல்லாருக்கும் கேட்க அத்தை பூங்காவனத்திடம் சொன்னார்:

"மகன் போறதுக்கு முந்தின நாள் ரேஷன் அரிசி வாங்கப் போனேன். சீக்கிரமே கிடைச்சிருச்சு. பொழுது சாயிற வரைக்கும் நான் வீட்டுக்கு வரல. ரெண்டு பேரும் தனியா இருக்கட்டும்னு தெரிஞ்சுதான் வரல லா. முழுகாமலே தங்கும்னுதான் தெரியல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாளியைத் தூக்கக் குனிந்தேன். அத்தை பிடுங்கிக்கொண்டார்.