துபாய்க்கு நான்கு மணி நேரம்தான்

சங்கரன்கோவில் விடுதி

அன்பு வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். துபாய் போனபின் உம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் பத்து மணிக்கு ஏறினால் துபாயில் பன்னிரண்டரைக்கு இறங்கலாம், ஆனால் பயணம் நான்கு மணி நேரம் என்று கணக்கு வகுப்பில் பலகையில் விடை எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏட்டி பாஜிலா, மிச்ச ஒண்ணரை மணி நேரத்த ஆரு தின்னா?" என்றாள் மாலா.

"அங்கன கடிகாரம் நமக்கு ஒண்ணரை மணி பின்னாலதான் ஓடும்ட்டி!" என்றேன்.

டீச்சர் விடையை அழிக்கச் சொன்னார். அழிக்க மாட்டேன் என்றேன். வெளியே நிற்க வைத்தார். வெயில் அதிகமில்லை.

ஆகவே வாப்பா, வரும்போது கைக்கடிகாரத்தைத் திருப்பாமல் துபாய் நேரத்திலேயே கட்டிக்கொண்டு வாருங்கள். டீச்சரிடம் காட்ட வேண்டும். பெருநாள்வரை காத்திருக்க வேண்டாம். சாட்சிக்கு உம்மாவும் வரட்டும்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

பாஜிலா