எட்டடி வெயில்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், இதோடு மூடிவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால் படியுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். எடுத்த இடத்திலேயே, அரிசி டின்னுக்குப் பின்னால், வைத்துவிடுங்கள். அட்டையில் ‘பூகோளம்’ என்று போட்டிருக்கிறேன். அது பொய்.

நவம்பர் 2, 1966. புதன்

வானம் சுத்தம். காலையில் லேசாகக் குளிர். நேற்றுக் கணக்கு டெஸ்ட் 41/50.

பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்திருக்கிறேன், வெளிச்சம் வெளியே போகாமலிருக்க. அப்பா, அம்மா இரண்டு பேரும் தூங்கியாயிற்று.

அம்மா கட்டிலில் வெயில், இன்றைக்கு (லீவு போட்டு அம்மாவோடு இருந்தேன்):
7.10 அலமாரி
8.00 அம்மா தோள்
9.00 கை
9.50 கட்டில் விளிம்பு
10.30 போயாச்சு

அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்து இரண்டு மாதம். டாக்டர் சொன்னது: “மருந்து பாதி, காலை வெயில் பாதி.” அதனால்தான் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். மாட்டுங்காவில் இந்த மூன்றாம் மாடியில் எங்களுக்கு இருக்கும் ஒரே கிழக்கு ஜன்னல்.

நேற்று முன்தினம் நான் செய்ததை இன்னும் எழுதவில்லை. நாளைக்கு.

நவம்பர் 3, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

அப்பா கோட்டைப் பக்கம் ஒரு கட்டடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடத்துக்குள் எந்த விளக்கு எங்கே என்று வரைவதும் அவர்தான். தீபாவளிக்குள் முடிக்கவேண்டும் என்று டிரேசிங் பேப்பரை வீட்டுக்கே கொண்டு வந்திருந்தார். டிரங்குப் பெட்டி மேல் பலகை. திங்கட்கிழமை சாயங்காலம் பேச்சு இப்படி:

அப்பா: “பின்பக்கம் ஜன்னலே கிடையாது. உள்ளே முழுக்க டியூப்லைட், கூலிங் மெஷின். காலம்பற பத்து மணிக்கும் ஒரே வெளிச்சம், ராத்திரி பத்து மணிக்கும் ஒரே வெளிச்சம். மழை நாள், மூட்டம் ஒண்ணும் தெரியாது. இனிமே கட்டடமெல்லாம் இப்படித்தான்.”

அம்மா: “ஈரத்துணியை எங்கே உலர்த்துவா?”

“ஆபீஸ்ல ஏதுடி ஈரத்துணி!”

“சும்மா எரிஞ்சிண்டே இருக்குமா? வெளில வெயில் கொளுத்தறச்சேகூட?”

“கரண்ட்டுக்கு என்ன பஞ்சம். ஜன்னல் வேண்டாம்னா பின்னாடி காத்துக்கு இடம் விடவேண்டாம், குப்பைக்காரன் போறதுக்கு மூணடி சந்து போதும்னு சொன்னதே நான்தான். கம்பெனி சாஹிப் முதுகுல தட்டினார்.”

“எங்கே வரதாம், இந்தக் கட்டடம்?”

அப்பா பேனா முள்ளைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பக்கத்து மனைலதான்.”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். “ஓ” என்றாள். கொஞ்சம் கழித்து அப்பா, யாரும் கேட்காமலே, “நான் வரையலேன்னா இன்னொருத்தன் வரையப் போறான்” என்றார்.

அவர்கள் தூங்கியபிறகு நான் தீப்பெட்டிகளை எடுத்தேன். எங்கள் வீடு ஒரு அடுக்கு. புதுக் கட்டடம் ஒரு அடுக்கு, எங்கள் ஜன்னல் அடியைவிட நாலடி உயரம் (பிளானில் போட்டிருக்கிறது). அப்பாவின் அடிக்கோலில் அளந்து வைத்தேன். டார்ச்சுதான் சூரியன். சந்து மூன்றடி என்றால், டார்ச்சை எவ்வளவு உயர்த்தினாலும் கட்டிலில் வெயில் இல்லை. எட்டடி என்றால் ஒன்பது மணிக்கு விழும். பத்தரை வரைக்கும் இருக்கும். ஒன்றரை மணி நேரம். அம்மாவின் கைக்கு அது போதும்.

பிளானில் சந்துக்கு 3 என்று இருந்தது. மைப்புட்டி திறந்தே இருந்தது. இடது பக்கம் இரண்டு வளைவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். 8.

அவ்வளவுதான். இன்று காலை அப்பா அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 5, சனி

யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்பா சட்டையில் நவச்சார நெடி, பிளான் பிரதி எடுக்கும் மருந்து. “பத்து பிரதி போயாச்சு” என்றார். ரேஷன் கடையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். கோதுமை மட்டும்தான்.

நவம்பர் 13, ஞாயிறு

நேற்று தீபாவளி. பட்டாசு வேண்டாம் என்றேன், புகை அம்மாவுக்கு ஆகாது. அப்பா பெரிய நீள டப்பாவோடு வந்தார். டியூப்லைட். ஸ்டூலில் ஏறி அம்மா கட்டிலுக்கு நேர் மேலே அவரே மாட்டினார். இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. எதிர்வீட்டு மாமி ஓடிவந்து பார்த்தாள். “ஹோட்டல் மாதிரின்னா இருக்கு!”

அப்பா: “பகல் வெளிச்சம்னே இதுக்குப் பேரு. அசல் பகல்.”

அம்மா கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வெளிச்சம் இருக்கு. சூடு இல்லையே.”

அப்பா ஆபீஸ் லைட்மீட்டரைக் கொண்டு வந்திருந்தார். வெளிச்சத்தை அளக்கும் டப்பா, உள்ளே ஒரு முள். டியூப்லைட்டுக்கு முள் கொஞ்சம் நகர்ந்தது. இன்று காலை அவர் குளிக்கப் போனபோது அதையே அம்மா தோள்மேல் வெயிலில் வைத்தேன். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பயந்து எடுத்துவிட்டேன், கெட்டுப்போய்விடுமோ என்று.

திரும்பினால் அப்பா, தலையில் துண்டோடு. முள்ளைப் பார்த்துவிட்டார். மீட்டரை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

நவம்பர் 18, வெள்ளி

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள்! எங்கள் சுவரிலிருந்து நாடா பிடித்துத்தான் அளந்தார்கள். ஸ்கூல் விட்டு வரும்போது வேலியோரம் நின்று பார்த்தேன். காலடி வைத்து எண்ணினால் எட்டுதான், சந்தேகமே இல்லை.

காவல்காரன்: “க்யா தேக்தா ஹை, பேபி? பங்களா லேனே கா ஹை க்யா?”

பங்களா வாங்கப் போகிறாயா என்று கேலி. ஓடி வந்துவிட்டேன். சாதம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாவுக்கு ஆச்சரியம். எனக்குச் சிரிப்பாக வந்தது, சந்தோஷத்தில். கடவுளே, நான் சந்தோஷப்பட்டேன்.

நவம்பர் 27, ஞாயிறு

கார்த்திகை. ஜன்னல் கட்டையில் பதினோரு அகல். அம்மா எழுந்து உட்கார்ந்து, தானே ஏற்றினாள். முதல் தடவையாக. காற்றில்லை, ஒன்றுகூட அணையவில்லை. கீழே மனையில் குழி தோண்டிக் கம்பி நட்டு, கான்கிரீட்டும் போட்டாயிற்று. வேலைக்காரர்கள் செங்கல் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டே எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள்.

அம்மா: “நல்ல வேளை. கொஞ்சம் தள்ளித்தான் கட்டறா.”

அப்பா வந்து குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, “ராத்திரில தூரம் சரியாத் தெரியாது” என்றார்.

பொரி உருண்டை சாப்பிடவில்லை அவர்.

நவம்பர் 30, புதன்

தெரிந்துவிட்டது.

முனிசிபாலிட்டி ஆள் வந்து ரோடு பக்கம் அளந்திருக்கிறான். கட்டடம் ரோட்டுக்குப் போட்ட எல்லையைத் தாண்டி ஐந்தடி முன்னால் வந்திருக்கிறது. நான் சந்தின் அகலத்தை மட்டும்தான் நினைத்தேன். இந்தப் பக்கம் ஐந்தடி கூடினால் கட்டடம் முழுக்க அந்தப் பக்கம் ஐந்தடி நகரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 41 மார்க் வாங்கின மூளை.

வேலை நின்றுவிட்டது. போட்ட கான்கிரீட்டை எல்லாம் உடைக்கவேண்டும். அப்பாவை எல்லார் முன்னாலும் நிறுத்தி டிரேசிங்கை விரித்தார்களாம். அம்மாவிடம் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

“என் எழுத்துதான். எட்டுன்னு அழகாப் போட்டிருக்கேன். மூணுன்னு மனசுல இருக்கு, கை எட்டுன்னு போட்டிருக்கு. கூட்டிப் பார்த்தாலே மொத்தம் உதைக்கும். அதைக்கூட நான் பார்க்கலை.”

“வேற யாராவது தொட்டிருப்பாளோ?”

“யார் தொடுவா? ராத்திரியெல்லாம் நாற்பது வாட் பல்புல வரைஞ்சா கண்ணு என்னத்துக்கு ஆகும். கண்ணு போயிடுத்து, கமலா. அதான் விஷயம்.”

என் எட்டு அவர் எட்டு மாதிரி இருக்கிறது. நான் எண்கள் எழுதுவதே அவர் எழுதுவதைப் பார்த்துத்தான்.

டிசம்பர் 2, வெள்ளி

எதிர்வீட்டு மாமி, கிணறு மாதிரி எதிரொலிக்கிற மாடிப்படியில், குரலைத் தாழ்த்தாமல்: “ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடறவருக்குத் தன் கண்ணுல வெளிச்சம் இல்லையாம், பாவம்.” ‘பாவம்’ என்றதில் பாவம் இல்லை.

அப்பா தாதரில் கண் டாக்டரிடம் போனார். நானும் கூடப் போனேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். டாக்டர் சிரித்தார்: “வயசுக்கு உங்க கண்ணு ரொம்ப நன்னா இருக்கு சார். போய் வேலையைப் பாருங்கோ.”

பஸ்ஸில் வரும்போது அப்பா சொன்னார்: “சமாதானத்துக்குச் சொல்றார். அவருக்கென்ன தெரியும்.” பிறகு ரோட்டோர போர்டுகளை ஒவ்வொன்றாக, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தார். நம்பர் பிளேட்டுகளையும். இறங்கும்போது படியில் காலை வைத்து வைத்துப் பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பா என் தோளைப் பிடித்ததே இல்லை.

அப்போது சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 4, ஞாயிறு

குளிர். அம்மாவுக்கு மறுபடி இருமல்.

காலையிலிருந்து சம்மட்டிச் சத்தம். நம் பக்கத்துத் தூண்களைத்தான் முதலில் உடைக்கிறார்கள். மறுபடி மூன்றடியில் போடுவார்கள். வெயிலும் இல்லை என்று ஆயிற்று. எதற்காகச் செய்தேனோ அது ஒன்றுமே நடக்கவில்லை.

வெயில்:
8.00 தோள்
9.00 கை
எத்தனை நாளைக்கோ தெரியாது.

சாஹிப் சொல்லியனுப்பியிருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டதால் தானாகவே வேலையை விடுகிறேன் என்று அப்பா எழுதிக் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தால் கெட்ட பெயர் வராதாம். நாளைக்குக் காலையில் கொடுக்கவேண்டும்.

அம்மா: “எழுதாதேங்கோ. டாக்டர்தான் நன்னா இருக்குன்னாரே.”

அப்பா: “கண்ணு சரியா இருந்து இந்தத் தப்பைப் பண்ணினேன்னா அப்போ புத்தி சரியில்லைன்னு ஆகும். எதை எழுதட்டும், சொல்லு?”

அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடிதம் எழுதிவிட்டார். இங்கிலீஷில், நாலே வரி. டிரங்குப் பெட்டி மேல் லைட்மீட்டர் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. அதை எடுத்துக் கிழிக்கலாமா என்று போனேன். பக்கத்தில் ஒரு பழைய தாள் கிடந்தது. முன்னும் பின்னும் முழுக்க

3 8 3 8 3 8 3 8 3 8

டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு மூன்றும் மூன்றுதான். ஒவ்வொரு எட்டும் எட்டுதான். எல்லாவற்றுக்கும் கீழே பென்சிலால் ஒரு டிக். ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசி வரியில் மட்டும் மை கலைந்திருந்தது. தண்ணீர் பட்டமாதிரி.

அப்பாவின் கண் நன்றாக இருக்கிறது. இது டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

நாலு தடவை அவர் பாய் பக்கத்தில் போய் நின்றேன். “அப்பா” என்றுகூட வாயில் வரவில்லை. அடிப்பார் என்று பயமில்லை. அவர் அடிக்கமாட்டார். என்னைப் பார்ப்பார். அதுதான்.

வாயால் சொல்ல வராது. நடந்தது எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது, அவரே படிக்கட்டும். முதல் பக்கத்தில் எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அது அன்றைக்கு உண்மை.

துண்டைக் கதவிடுக்கிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டேன். பல்பு எரிகிறது. வெளிச்சம் கதவுக்கு அடியில் வெளியே போகிறது. ஹாலில் அவர் பாய் வரைக்கும் போகும், அளந்திருக்கிறேன். அவர் தூங்கவில்லை. இருமுகிற அம்மாவுக்கு வெந்நீர் கொடுக்கிற சத்தம் இப்போதுதான் கேட்டது. டம்ளரைக் கீழே வைக்கிறார். பாய் சரசரக்கிறது.

எழுந்துவிட்டார்.

காலடி. நிற்கிறார்.

தட்டுகிறார்.

“யாரு உள்ளே? ராஜி? என்னம்மா லைட் எரி