உனக்கு மட்டும் சின்ன அளவு

மாப்ள,

பிளெக்ஸ் மையின் நெடி மூக்கில் ஏறும்போதே எனக்குக் கோபமும் ஏறுகிறது. இன்று காலை உன் கண்ணீர் அஞ்சலி பேனரை என் கடை மிஷின்தான் அடித்துத் தள்ளியது. ஆள் உயரத்துக்குப் பெருசாக்கியதும் உன் முகம் சதுரம் சதுரமாக உடைந்துவிட்டது. மீசை எது, வாய் எது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற உன் மகள், "அப்பா கண்ணு எங்க மாமா?" என்றாள்.

மல்லாங்கிணறு பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, உன் கேமராதான். அதில் படத்தின் அளவை எப்போதும் சின்னதாகத்தான் வைத்திருப்பாய், தரமும் மட்டம். கேட்டால், "தாலி கட்டுற நேரத்துல மெமரி கார்டு நெறஞ்சுபோச்சுன்னா யாருலே மாத்திக்கிட்டு நிக்கிறது? ஆல்பத்துக்கு இது போதும்" என்பாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் வயதானவர்கள் வந்து உட்கார்ந்தால் மட்டும் உன் கட்டைவிரல் தானாக மெனுவுக்குப் போகும். பெரிய அளவு, உயர்ந்த தரம். "நாளைக்கு இவுக படத்தைப் பெருசு பண்ணி மாலை போடணும்ல" என்று என் காதில் சொல்வாய். அப்படியானால் சின்ன அளவில் எடுத்ததைப் பெருசாக்கினால் உடையும் என்று உனக்குத் தெரிந்துதானே இருந்தது? தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

உன் மகள் காதுகுத்தில் உன்னை ஒரு படம் எடுக்க நான்தான் உன் கையிலிருந்து கேமராவை வாங்கினேன். அளவை மாற்றப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாய். "ஏலே, என்னைய இப்பவே அனுப்பிரலாம்னு பாக்கியா? நான் என்ன கெழவனா?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சின்ன அளவிலேயே படத்தை எடுத்தேன். பாலவனத்தம் ரோட்டில் உன்னை அடித்த லாரி வயது கேட்டுக்கொண்டா அடித்தது? போனில் இருந்த படங்கள் போனோடு நொறுங்கின. ஊரையே படமெடுத்தவனுக்கு அந்தச் சிரித்த படம் ஒன்றுதான் மிச்சம்.

பேனரைச் சுருட்டிப் போட்டுவிட்டு, அந்தப் படத்தையே உள்ளங்கை அளவுக்கு அடித்து உன் மகளிடம் கொடுத்தேன். அதில் கண் தெரிந்தது. "ரோட்டுல போறவுகளுக்குத் தெரியாதே மாமா" என்றாள்.

உன் கேமரா இப்போது என்னிடம். "நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்று உன் மனைவி கொடுத்துவிட்டாள். மதியம் என் வீட்டுக்காரி புதுச்சேலையோடு வந்து, ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். பெரிய அளவுக்கு மாற்றப் போனேன். கை கூசியது. படுபாவி, பெரிய அளவு என்றாலே சாவு என்று எனக்குப் பழக்கிவிட்டுப் போய்விட்டாய். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன்.

"ஏங்க, என்னைய ஏன் இப்பிடி மொறைக்கிறீக?" என்றாள்.

உன்னைத்தான் முறைத்தேன்.