பால் அடுப்புல இருக்க, கதவு பூட்டிக்கிட்டதும் என் மேல வந்த புகாரும்

அனுப்புறது:
சொர்ணம்மாள், க/பெ. பிரம்மநாயகம்,
தொண்ணூறடி ரோட்டுப் பக்கம்,
தாராவி, மும்பை.

பெறுறது:
சீனியர் இன்ஸ்பெக்டர் அய்யா அவங்க,
போலீஸ் ஸ்டேஷன்,
செம்பூர், மும்பை.

பொருள்: திருட வந்து பூட்ட ஒடச்சேன்னு கம்பெனி குடுத்த புகார்ல இருந்து என் பேர எடுக்கச் சொல்லி.

மரியாதைக்குரிய அய்யா,

எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல எங்க சந்து மாரீஸ்வரி எழுதுதா. மராத்தியில மாத்துன நகலும் சேத்து வச்சிருக்கு.

1. ஊர் சுத்திப் பாக்க வாறவங்க ரெண்டு மூணு நாள் தங்கி, அவங்களே ஆக்கித் திங்குத மாதிரி அடுப்போட விடுத பிளாட்டு ஒண்ணு செம்பூர்ல இருக்கு. சொந்தக்காரர் துபாயில. ஆறு வருசமா அங்க கூட்டித் தொடச்சு விரிப்பு மாத்துதது நான். முந்தி சாவி என் இடுப்புல கெடந்துச்சு. போன வருசம் ஒரு கம்பெனி வந்து, புது முறைன்னு நம்பர் அமுக்குத பூட்டு மாட்டிட்டாவ. எனக்கு தினமும் போன்ல ஒரு நம்பர் வரும். அமுக்குனதுல இருந்து நாப்பத்தஞ்சு நிமிசம் செல்லும், அப்புறம் செத்துப்போகும். கேக்க ஆள் கிடையாது.

2. இதையும் சொல்லிருதேன். எங்க பக்கம் புதுக்குடி வந்தா முதல்ல பால் பொங்கணும். அந்த வீட்டுக்கு வாரத்துல மூணு குடி வருது. ரெண்டு நாள் இருந்தாலும் குடிதானேன்னு நானா பால் வாங்கிப் பொங்கவச்சு மூடிட்டு வருவேன். நாசிக்ல இருந்து வந்த ஒரு அம்மா, தங்கமான மனுசி, வெங்காய மூட்டையோட வந்தாவ, அவங்க அந்தப் பாலப் பெருமையா போன்ல எழுதிட்டாவ. கம்பெனி பாத்துச்சு. வரவேற்புப் பால்னு பேரு வச்சு எல்லா வீட்டுக்கும் சட்டமாக்கிட்டாவ. நான் சட்டிய எறக்குத மாதிரி போட்டோவும் புடிச்சாவ. வேல கூடுச்சு. நிமிசம் கூடல.

3. இந்த மாசம் பதினொண்ணாந்தேதி மதியம். முன்ன இருந்தவங்க மீன் பொரிச்சு சுவரு பூரா எண்ணெயத் தெளிச்சிருந்தாவ. என்ன மீனோ, செதிலப் பாத்தா ராவஸ் மாதிரி, அது கெடக்கட்டும். தேய்க்கதுல நேரம் ஓடிட்டு. பால அடுப்புல வச்சிட்டு, குப்ப கட்டுன கச்ராப் பைய லிஃப்ட் பக்கத்து டப்பாவுல போட நாலு எட்டு வெளிய வந்தேன். கதவு தானா மூடிக்கிட்டு. நம்பர அமுக்குதேன், செவப்பு வெளிச்சம். நாலு தடவ அமுக்குனேன். பால் பொங்கித் தீ அணைஞ்சா வீடு பூரா காஸ்தான். கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு சொல்லிட்டு மெசின் பாட்டுப் போட்டுது.

4. வாட்ச்மேன் பேச்சிராஜா ஓடியாந்தான். யக்கா, கம்பெனி வார வரைக்கும் பால் பொறுக்குமா, தள்ளுன்னான். ஒடடா, கேட்டா என்னையச் சொல்லுன்னேன். கம்பி போட்டு நெம்புனான். உள்ள தீ அணைஞ்சு காஸ் வாடை குப்புன்னு வந்துச்சு. காஸ மூடிட்டு சன்னலத் தெறந்தோம். எதிர்வீட்டுத் தொட்டில்ல கைப்பிள்ள கெடந்துச்சு அய்யா.

5. நேரம் முடிஞ்சு திருட உள்ள போனேன், கேக்காம காஸ் பத்தவச்சேன், பால் காய்ச்ச யாரும் சொல்லலன்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு. இப்ப எந்த பில்டிங்லயும் என்னைய உள்ள விடமாட்டேங்காவ. ஆறு வருசம் சாவி வச்சிருந்தவ, இப்பம் பூட்டு ஒடச்சவ. பேச்சிராஜா மேல குத்தமில்ல. ஒடைக்கச் சொன்னது நான்.

6. கம்பெனி விளம்பரத்துல மொதப் படம் பால் சட்டிதான். என் மூஞ்சிய வெட்டிட்டாவ, கைய விட்டுட்டாவ. மணிக்கட்டுல பச்ச குத்துன அஞ்சு புள்ளி தெரியும். படத்த இதோட வச்சிருக்கேன். அய்யா கூப்பிடுத அன்னைக்கு வாரேன். படத்த மேசையில வையிங்க, பக்கத்துல என் கைய வைக்கேன். பாத்துட்டு என் பேர எடுங்க.

இடம்: தாராவி
தேதி: 24.03.2025

சொன்னதும் நான், கையெழுத்தும் என்னுதுதான்,
சொர்ணம்மாள்