அம்மா கேட்ட உயரம்

வாணி,

அன்று காலை கொத்தனார் சுகுமாறன் சமையல் மேடைக்கு அளவெடுக்க வந்தபோது, அம்மா தன் இடுப்புக்கு நேராகச் சுவரில் பென்சில் கோடு போட்டாள். "எனக்கு இந்த உயரம் போதும் லா," என்றாள். "குள்ளச்சிக்குக் கட்டினா நாளைக்கு இந்த வீட்ட யாரு வாங்குவா?" என்று அவன் முன்னாலேயே சிரித்தேன். அம்மா அவனுக்குத் தேநீர் கலக்கப் போனாள். அன்று மதியமே மாரடைப்பில் போய்விட்டாள்.

கருமாதி முடிந்ததும் என் உயரத்துக்கே கட்டச் சொன்னேன். மேடை ஏன் இவ்வளவு உயரம் என்று நேற்று நீ கேட்டபோது, அம்மா சொன்ன அளவுதான் என்று பொய் சொன்னேன். நேரில் சொல்ல முகமில்லாமல் விடியற்காலையிலேயே கிள்ளானுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பத்து மணிக்கு சுகுமாறன் மேடையின் உயரத்தைக் குறைக்க வருகிறான். கேட்டைத் திறந்துவிடு. அதற்குள் சாம்பாரைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிடு.

அப்பா

பி.கு.: அவன் அளவு கேட்டால் நீயே நின்று காட்டு. நீயும் அம்மா உயரம்தான்.