ஒரே பெட்டியில் இருக்கும் தாயையும் சேயையும் பிரிக்க வேண்டாம்

அனுப்புநர்:
மூத்த எலும்பாய்வாளர் (மருத்துவ விடுப்பில்),
தொல்மனிதர் ஆய்வுப் பிரிவு,
அருங்காட்சியகம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகம்.

பொருள்: பண்டைய மனிதர்களின் எலும்புகளை ஆள்வாரியாக அல்லாமல் உறுப்புவாரியாகப் பிரித்து அடுக்கும் பணியை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எலும்பைப் பார்த்து, அதற்குரியவர் எதைத் தின்றார், எதைச் சுமந்தார், எந்த நோயில் இறந்தார் என்று சொல்வது என் பணி. இப்பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இங்கே இருக்கிறேன். "செத்து மூவாயிரம் வருஷம் ஆனாதான் அம்மா நம்மளத் திரும்பிப் பாப்பாங்க" என்று என் மகள் கேலி செய்வது வழக்கம்.

2. சென்ற ஆண்டு மூன்று அகழாய்வுகளின் எலும்புகள் ஒன்றாக வந்து இறங்கின. உதவிக்கு ஆள் கேட்டேன். கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தது என் கோரிக்கை. விடுமுறை நாளிலும் வந்தேன். ஒரு நாள் காலை, ஒரு குழந்தையின் தாடையெலும்பைக் கையில் எடுத்தவள், அதை என்ன செய்வதென்று தெரியாமல் மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். துக்கமில்லை, களைப்புகூட இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. மகள் வந்து கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். அளவுக்கு மீறிய வேலையால் மனம் ஓய்ந்துவிட்டது என்று அவர் விடுப்பில் அனுப்பினார்.

3. முதலில் தூங்கினேன். பிறகு மகளுக்குத் தலை வாரிவிட்டேன். கல்லூரிக்குப் போகும் பெண், மானம் போகிறது என்று முனகிக்கொண்டே தலையைக் கொடுத்தாள். மெல்லப் பசி வந்தது. அதன்பின் கோபம் வந்தது. கோபம் வருவது நல்லது என்றார் மருத்துவர். இம்மனுவில் அது தங்கள் கண்ணில் பட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

4. சென்ற திங்கட்கிழமை, அரை நாள் பணிக்குத் திரும்ப அனுமதி கேட்க வந்தேன். துணை இயக்குநர் அவர்களின் ஆணைப்படி, இடப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, எலும்புக் கிடங்கில் ஊழியர்கள் மண்டையோடுகளை ஒரு பெட்டியிலும் தொடையெலும்புகளை வேறொரு பெட்டியிலுமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்வைக்குச் சீராகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, ஒரு பெட்டி என்பது ஒரு மனிதர். சோதனைக்குக் கெடுதல் என்பதால் எலும்பின் மேல் நாங்கள் மை படவிடுவதில்லை. எண் பெட்டியில் மட்டுமே இருக்கும். கிடங்கின் முதல் அறையில் வேலை முடிந்துவிட்டது. எந்தக் கை எந்தத் தோளுக்குரியது என்று இனி என்னாலும் சொல்ல முடியாது. அங்கிருந்தவர்கள் இரண்டாம் முறை செத்தார்கள்.

5. இதைச் சொன்னபோது துணை இயக்குநர் அவர்கள், "எல்லாம் எலும்புதானே மேடம்" என்றார். நான் அழுதேன். உடனே அவர் மற்றவர்களிடம், "மேடத்துக்கு இன்னும் சரியாகல, வீட்டுக்கு அனுப்புங்க" என்றார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலிருந்தது. அழுதது உண்மை. அந்தத் தாடையெலும்பைப் பார்த்து அழ முடியாதிருந்த நாளில்தான் எனக்கு உடம்பு சரியில்லை. நான் பணிக்குத் திரும்பலாம் என்ற மருத்துவரின் சான்றை இணைத்துள்ளேன்.

6. வரும் திங்கட்கிழமை இரண்டாம் அறை. அங்கே, எங்கள் பிரிவில் 'பிள்ளைத்தாய்ச்சி' என்று அழைக்கும் ஓர் இளம்பெண் இருக்கிறாள். பிரசவத்தில் இறந்தவள். குழந்தையின் தலை அவளது இடுப்பெலும்புக்குள் நின்றுவிட்டிருக்கிறது. அதன் விரலெலும்புகள் அரிசி மணி அளவுதான். புதிய ஆணைப்படி அவை 'சிசு' என்று எழுதிய பெட்டிக்குப் போகும். அவள் பல பெட்டிகளுக்குப் போவாள். புதைத்தவர்கள்கூட அவர்களைப் பிரிக்கவில்லை.

7. ஆகவே, திங்கட்கிழமைக்கு முன் இப்பணியை நிறுத்தி ஆணையிட வேண்டுகிறேன். நோயாளியின் பேச்சு என்று தோன்றினால், வேறெந்த எலும்பாய்வாளரையும் அழைத்துக் கேளுங்கள். இடம்தான் சிக்கல் என்றால், என் மேசையையும் நாற்காலியையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அந்தப் பெட்டியை அங்கே வையுங்கள். பிறகு நான் திரும்பி வர இடமில்லாமல் போனாலும் சரி. அவர்கள் இருவரும் ஒன்றாக இருக்கட்டும்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

(கையொப்பம்)
மூத்த எலும்பாய்வாளர்

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: வியாழக்கிழமை

இணைப்பு: மருத்துவச் சான்று